கீசர் டொப்பென்றது, நான் கதவை உதைத்தேன்

ஆமாம், அக்காவின் மாமியார் குளித்துக்கொண்டிருந்தபோது கதவை உதைத்து உடைத்தவள் நான்தான். கம்பம் ஊரில் எங்கள் சொந்தக்காரர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். (கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.) நான் ஒருநாளும் மறுத்ததில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை.

எங்கள் ஊரில் ஆடி வந்தால் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும். கொடியில் காயப்போட்ட சேலையை அடுத்த தெருவில் போய்த்தான் எடுக்க வேண்டும். அந்தக் காற்று குளியலறை ஜன்னல் வழியாக வந்து கேஸ் கீசரின் தீயை அணைத்துக்கொண்டே இருந்தது. என் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பெரிய மூளைக்காரர். திராட்சைப் பெட்டி அட்டையை மடித்து ஜன்னலை இண்டு இடுக்கில்லாமல் அடைத்துவிட்டார். தீ அணைவது நின்றது, சத்தம் ஆரம்பித்தது.

பற்றும்போது 'டொப்' என்று ஒரு வெடி. பிறகு தொண்டையில் சளி கட்டியதுபோல 'கர்ர்ர்'. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தது. நான் போனில் நாலு வீடியோ பார்த்து அந்த வாரமே இன்ஜினியர் ஆகியிருந்தேன்.

"அத்தா, காத்து பத்தாம எரிஞ்சா விஷவாயு வரும். வாசமே தெரியாது, ஆளு அப்படியே சாஞ்சிரும். அட்டைய எடுத்துட்டு மெக்கானிக்கக் கூப்பிடுங்க."

"மிஷினுன்னா சத்தம் போடத்தான் செய்யும். நீ போடலையா?" என்றார் அத்தா. வீடே சிரித்தது. நான் அட்டையைப் பிடுங்கிப் போட்டேன். அவர் முன்னைவிட இறுக்கி அடைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பச்சைத்தண்ணீரில் குளித்துத் தும்மிக்கொண்டு திரிந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் அக்காவின் நிக்காஹ்வுக்குத் தேதி வைக்க, மலைமேல் கேரள எல்லையிலிருக்கும் குமுளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அந்த மாப்பிள்ளைக்காக அக்கா அத்தாவிடம் மாசக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தாள். அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்து, "இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு ஆத்தா. உங்க அக்கா வாழ்க்கை" என்றார். நானும் தலையாட்டினேன்.

மலையில் மழை. ஜீப் அடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு இறங்குவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா தொப்பலாக நனைந்திருந்தார். "சூடா ஒரு குளி குளிச்சிட்டு வந்திர்றேன்" என்றார் மாமி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் காலை மிதித்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. டொப். கர்ர்ர்.

வாசலிலேயே நின்றேன். "மாமி, போதும், வந்திருங்க!"

"இருக்கட்டும் மோளே, நல்ல சூடு."

கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டேன். "ம்ம்" என்றார். மறுபடி கூப்பிட்டேன், பதில் இல்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, மாமி பேச மாட்டேங்குறாக!"

"குளிக்கிறவுகள எதுக்குடி பேசச் சொல்ற?"

கொல்லைக்கு ஓடி சிலிண்டரை மூடினேன். (அது பிரியாணி அடுப்பின் சிலிண்டர். வீடியோவில் ஒரு சிலிண்டர்தான் காட்டினார்கள்.) கர்ர்ர் நிற்கவில்லை. பக்கத்துச் சிலிண்டரையும் மூடினேன், நின்றது. திரும்ப ஓடி வந்து கதவை உதைத்தேன். முதல் உதையில் என் கால் நகம் பெயர்ந்தது. அடுத்த உதையில் பிளாஸ்டிக் கதவு சட்டத்தோடு பெயர்ந்து வாளி மேல் விழுந்தது. மாமி பாவாடையை நெஞ்சுவரை கட்டியபடி சுவரில் சாய்ந்து, கண் சொருகிக் கிடந்தார். என் துப்பட்டாவைச் சுற்றிக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சத்தம் கேட்டு மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் ஓடி வர, "ஆம்பளைக யாரும் வராதீக!" என்று அம்மா அலறினார்.

காற்று பட்டதும் மாமி கண்ணைத் திறந்தார். "கதவையா உடைச்சே? என் மானமே போச்சே! இந்தச் சம்பந்தமே வேணாம். எல்லாரும் எந்திரிங்க, கிளம்புவோம்!" என்று எழுந்தார். கால் நிற்கவில்லை, மறுபடி உட்கார்ந்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே செத்திருக்க வேண்டும்.

"கல்யாணம் நின்னா நிக்கட்டும்! மொதல்ல அவுகள ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்று அழுதுகொண்டே கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துவிட்டு டாக்டர் ஒன்றுதான் கேட்டார்: "குளிக்கையில ஜன்னல் திறந்திருந்துச்சா?" எல்லோரும் அத்தாவைப் பார்த்தோம். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா..." என்ற டாக்டர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தா அட்டையைத் தானே பிடுங்கி எறிந்தார். மெக்கானிக் வந்து கீசரை வெளிச்சுவரில் மாட்டினார். 'நீ சொன்னதுதான் சரி' என்று என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானா விடுவேன்? நாள் முழுக்க நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு 'சம்பந்தமே வேணாம்' என்ற பேச்சை மாமி எடுக்கவில்லை, நிக்காஹ் நடந்தது. இன்றுவரை மாமி எனக்கு நன்றி சொன்னதில்லை. "சம்பந்தம் பேசப் போன எடத்துல கதவை உடைச்சு என்னை வெளிய இழுத்துப்போட்ட புள்ள" என்றுதான் எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவார். ஆனால் மலையிறங்கி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குளிக்கப் போகுமுன் என்னைத்தான் தேடுவார். "பர்வீனு, இங்கன வந்து நில்லு மோளே."

தாழ்ப்பாள் போட மாட்டார். நான் வாசலில் நிற்பேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும்.

"பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், உதைச்சிராத!"