செல்லப்பாண்டி செய்த மூளை

துண்டு குழிக்குள் போகவில்லை. செல்லப்பாண்டி திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், கடைசியில் உள்ளங்கையால் ஒரு போடு போட்டும் பார்த்தார். மூளை மேசைமேல் பின்பக்கம் பொக்கையாக உட்கார்ந்திருந்தது.

பக்கத்திலேயே சாம்பிள் மூளை, ஒரு குறையும் இல்லாமல். நர்ஸிங் பள்ளிக்கூடங்களுக்குப் பாடம் நடத்துகிற பொம்மைகளைச் சப்ளை செய்யும் மாட்டுங்கா ஜெயராம் கொடுத்துவிட்டுப் போனது. துண்டு துண்டாகக் கழற்றலாம், மறுபடி பூட்டலாம். அதிலிருந்து அச்செடுத்து இன்னொன்று வார்த்துக் கொடுக்க வேண்டும். மத்தியானம் வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் தாராவிச் சந்துக்குள் இருக்கிற இந்தப் பட்டறைக்கு வருஷம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் கதவைச் சாத்திவிட்டு, பாண்டுப்பில் மச்சினன் ராஜபாண்டி நடத்துகிற செருப்பு சோல் கம்பெனிக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

அங்கே பல வருஷம் குப்பை கொட்டியவர்தான். ராஜபாண்டி எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டுவான்; இவரை மட்டும் திட்ட மாட்டான். அக்கா புருஷனை எப்படித் திட்டுவான்? ஒரு தீபாவளி சீசனில் இவர் அனுப்பிய லோடு முழுக்க வலது காலாகவே போய்ச் சேர்ந்தது. "பரவாயில்ல அத்தான், டீ குடிங்க" என்றான், அத்தனை ஆட்கள் முன்னால். நாலு வார்த்தை வைதிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்த டீ இன்னும் தொண்டையில் நின்றது.

எதிரே செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டி முருகம்மாள் ஊசியை நிறுத்தினாள்.

"இந்தாருங்க, அந்தக் கோஸ் மாதிரி இருக்குல்லா, அது ரெண்டும் ஒரே பக்கம்."

ஒரே பக்கம்தான். செருப்புத் தொழிலில் இடது ஒரு சாக்கு, வலது ஒரு சாக்கு என்று பிரித்துப் போடுவது வழக்கம். கை பழகிய பழக்கத்தில் மூளையையும் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து அப்படியே பிரித்திருந்தார்கள். செருப்புக்கு விரல் எது, குதிங்கால் எது என்று பார்த்தாலே தெரியும். மூளைக்கு ஏது? இவருடைய வலது அவளுக்கு இடது. இவர் வலது என்று அச்செடுத்த அதே துண்டை அவள் இடது என்று எடுத்து வைக்க, அதற்கே இன்னொரு அச்சும் எடுத்தாயிற்று. அதன் ஜோடி யார் கண்ணிலும் படாமல் சாக்கின் அடியில் கிடந்து, அச்செடுக்காமலே சாம்பிளில் திரும்பப் பூட்டப்பட்டிருக்கிறது.

புதிதாக வார்த்து இறுக நேரமில்லை. நர்ஸிங் படிக்கிற மகள் கீதாவுக்கு வீடியோ கால் போட்டார். அவள் ஹாஸ்டல் மெஸ்ஸில் போஹா தின்றுகொண்டே, அது சிறுமூளை என்றாள். ஆள் தள்ளாடாமல் நிற்பதும் நடப்பதும் அதனால்தான் என்றாள்.

"ரெண்டும் வலதா இருந்தா என்னட்டி செய்யும்?"

"அப்படி ஒரு ஆளே கிடையாதுப்பா."

இல்லாத ஆளைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று செல்லப்பாண்டி சோல் ஓரம் சீவுகிற கத்தியை எடுத்தார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சீவியதும் துண்டு உள்ளே போயிற்று. ஆனால் நடுத்தண்டு முன்னால் பிதுங்கியது. அதை அமுக்கினார். படக்கென்று கீழ்நுனி ஒடிந்து கையோடு வந்தது.

போனை அந்த இடத்துக்குக் கிட்டே காட்டினார். முதுகுத்தண்டோடு சேர்கிற இடம், முகுளம், என்றாள் கீதா. மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் அதன் பொறுப்பு.

"அப்பம் அது ஒடிஞ்சா?"

"டாக்டர் வெளிய வந்து கைய விரிச்சிருவாரு."

செல்லப்பாண்டி கையை விரிக்கவில்லை. செருப்பு ஒட்டுகிற சுலோஷன் டப்பாவைத் திறந்து இரண்டு பக்கமும் தாராளமாகத் தடவி, அடித்தோல் ஒட்டுவதுபோல் சுத்தியலால் தட்டினார். முகுளம் பிடித்துக்கொண்டது. ஆனால் சுலோஷன் வழிந்து மூளையின் அடிப்பக்கம் பெயிண்டைக் கரைத்தது. அங்கே ஒட்டியிருந்த மஞ்சள் நரம்புகள் ஒவ்வொன்றாக மேசையில் உதிர்ந்தன.

முருகம்மாள் தன்னிடமிருந்த மஞ்சள் மெழுகு நூல் உருண்டையையும் குத்தூசியையும் அவர் பக்கம் தள்ளினாள். சேர்ந்து பிழைக்கிற பிழைப்பில் அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

கபால நரம்பு பன்னிரண்டு ஜோடி. கீதா ஒன்றிலிருந்து ஒப்பிக்க, இவர் துளை போட்டுத் தைத்துக்கொண்டே வந்தார். முதலாவது மணத்துக்கு. இரண்டாவது பார்வைக்கு, இரண்டு பக்கத்திலிருந்தும் வருவது நடுவில் சந்திக்கும் என்றாள், செருப்பு வார்போலக் குறுக்கே போட்டு இறுக்கினார். ஐந்தாவது முகத்தில் தொட்டால் தெரிவதற்கு, ஏழாவது அதே முகம் சிரிப்பதற்கு, எட்டாவது காதுக்கு. ஒரே முகத்துக்கு இத்தனை ஆளா என்று முருகம்மாள் கேட்டாள். பத்தாவது வயிறுவரை போகும் என்றாள் கீதா. செல்லப்பாண்டி தன் கழுத்திலிருந்து வயிறுவரை நூலை அளந்து வெட்டினார்.

பன்னிரண்டாவது நாக்குக்கு. அதையும் முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்த்திக் காட்டினார். கீதா போஹாத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சீங்க?"

"ஏன், இந்தப் பக்கம்தான்."

"அது பின்பக்கம். உங்க ஆளு பிடரியால மோந்து பாப்பான், நெத்தியில நாக்க நீட்டுவான்."

பிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் சந்தில் டெம்போ ஹாரன் கேட்டது.

ஜெயராம் குடையை மடக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். மூளையைக் கையில் எடுத்தார். இரண்டு பக்கமும் பத்தாவது நரம்பு அவர் முழங்கால்வரை தொங்கியது.

"இது என்ன?"

"வயித்துக்குப் போறது சார்," என்றார் செல்லப்பாண்டி.

ஜெயராம் மூளையைத் திருப்பினார். இரண்டு வலதுகளைப் பார்த்தார். முகுளத்தைச் சுற்றி இறுகிப்போயிருந்த சுலோஷனை நகத்தால் தொட்டார். பிறகு கூரைத் தகரத்தை வெகுநேரம் பார்த்தார். செல்லப்பாண்டி அதற்குள் மனசால் பாண்டுப்புக்குப் போய், அந்த டீயைக் கையில் வாங்கியும்விட்டார்.

"ரொம்ப நன்னா வந்திருக்கு," என்றார் ஜெயராம். "மாசாமாசம் செஞ்சுடுங்கோ. அடுத்தது முதுகெலும்பு அனுப்பறேன்."

சொல்லிவிட்டு, சாம்பிளைக் கக்கத்தில் இடுக்கி, செல்லப்பாண்டியின் மூளையை ஈரக் குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, முகத்தை அப்பால் திருப்பியபடி வண்டிக்குப் போனார். முருகம்மாள் அவசரமாக உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். செல்லப்பாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒரு வேலையை ஒரு மனுஷன் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்.

தொங்கி வழியில் மாட்டிய நூலை எடுத்துவிட்டுக்கொண்டிருந்த டெம்போ டிரைவர் பேச்சிராஜாவை நிறுத்தி, அவன் கையில் ஒரு டீயைத் திணித்தார். பாண்டுப்புப் பக்கம் போனால் ராஜபாண்டியிடம் சொல்லச் சொன்னார்: அத்தான் இனிமேல் அந்தக் கம்பெனி வாசலை மிதிக்க மாட்டார், எத்தனை தடவை கூப்பிட்டாலும் சரி.

"இது ராஜபாண்டி அண்ணன் வண்டிதான் அண்ணாச்சி," என்றான் பேச்சிராஜா. ஜெயராம் சாரின் கோடவுனும் அந்தக் கம்பெனி மாடியில்தான் இருக்கிறது, அண்ணன் அதைச் சும்மாதான் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னான்.

"சும்மாவா? எதுக்குவே?"

பேச்சிராஜா டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான்.

"நீங்க மூளைன்னு எதைக் குடுத்தாலும் பேசாம வாங்கிட்டு வரணும், எந்தக் காரணத்தக் கொண்டும் அத்தான் திரும்ப சோல் கம்பெனிக்கு வந்துரக் கூடாதுன்னுதான்."