ஒரு வாய் ஸ்காட்லாந்து

"ஆட்டு இரைப்பையா? கழுவினதா, கழுவாததா?" என்று கபீர் பாய் கேட்டார்.

பிரான்சிஸ் அந்த அளவுக்கு யோசித்திருக்கவில்லை. "முழுசா இருக்கணும் பாய். ஓட்டை இருக்கக் கூடாது. உள்ள அடைக்கணும்."

"எதை?"

"ஈரல், இதயம், நுரையீரல்."

கபீர் பாய் கத்தியைக் கீழே வைத்தார். தாமுவே மார்க்கெட்டில் முப்பது வருஷமாகக் கறிக்கடை வைத்திருப்பவர். "அதெல்லாம் ஆட்டுக்குள்ளதானே இருந்துச்சு, சயா. காலையில நான் கஷ்டப்பட்டு வெளிய எடுத்தேன். நீ திரும்ப உள்ள வைக்கணும்ங்கிற."

தொழில் தெரிந்தவரை 'சயா' என்று கூப்பிடுவது யாங்கோன் மரியாதை. பிரான்சிஸுக்கும் தொழில் தெரியும்தான். நாற்பத்து மூன்று வயது. தாமுவேயில் ஒரு தரைத்தள வீட்டின் சமையலறையில் பிறந்தநாளுக்கும் ஞானஸ்நானத்துக்கும் குட்டிச் சமோசா, குட்டிக் கட்லெட் எல்லாம் செய்து கொடுப்பவன். கை சுத்தம், வாக்குச் சுத்தம். ஒரே ஒரு குறை, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுக் கனவு காண்பான். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம், அது ஜூலை மாதம் வேறு.

கனவில் பெரும்பாலும் ஹன்னா வருவாள். லான்மடாவில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள். வயது முப்பத்தொன்பது. இருவரும் கல்யாணத்துக்கு நாலு வருஷமாகக் காத்திருக்கிறார்கள். ஹன்னாவின் அப்பா பால் ஐயா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அசைக்க முடியாத பாப்டிஸ்ட். பிரான்சிஸ் கத்தோலிக்கன். விஷயத்தை முதலில் சொன்னபோது பால் ஐயா "பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' நாலு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது.

இரைப்பை விவகாரம் தொடங்கியது வியாழக்கிழமை. ஹன்னா போன் செய்தாள். பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'கோ' போட்டுத்தான் அவனைக் கூப்பிடுவாள். "கோ பிரான்சிஸ், அப்பா பேசிட்டாரு."

"கல்யாணத்தப் பத்தியா?"

"பலகாரத்தப் பத்தி."

பிரான்சிஸ் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சனிக்கிழமை அவருக்கு எண்பது முடியுதுல்ல. நாலு மணிக்கு டீ. ஸ்காட் பலகாரம் வேணுமாம். பிரான்சிஸே அவன் கையால கொண்டு வரட்டும்னாரு. சின்னதா, உருண்டையா, ஒரு வாய்க்கு ஒண்ணு. சூடா இருக்கணும்."

"அது என்னது, ஸ்காட் பலகாரம்?"

"எங்க தாத்தா ஸ்காட்லாந்துக்காரங்க ஆத்துக் கப்பல் கம்பெனில கிளார்க்கா இருந்தாரு. தொரை வீட்டுல குடுத்திருப்பாங்க. அப்பா நாக்குல அது நின்னுருக்கும் போல."

"எதுக்கும் இன்னொரு வாட்டி கேட்டுப் பாரேன்."

"அப்பாட்டயா? க்ளாஸ்லயே கணக்க ஒரு வாட்டிதான் சொல்லுவாரு. திருப்பிக் கேட்டா வெளிய நிக்கணும்."

போனை வைத்த பிறகும் அவள் குரல் அறையில் இருந்தது. 'அவன் கையால' என்ற சொல்லை மாத்திரம் பிரான்சிஸ் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டான். கிழவர் சோதித்துப் பார்க்கிறார். இதில் தேறினால் ஹன்னா, தவறினால் ஐந்தாவது மழைக்காலம்.

ஊர்ந்து ஊர்ந்து வந்த இணையத்தில் ஸ்காட்லாந்தைக் கண்டுபிடித்தான். எங்கும் பனிமூட்டம், பச்சை மலை, ஆடுகள். ஆண்கள் கட்டம் போட்ட பாவாடை கட்டியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து லோஞ்சி கட்டுகிறவனுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. நல்ல மனிதர்கள் என்று தோன்றியது. அவர்களுடைய பெயர்போன உணவு ஹாகிஸ். ஆட்டின் உள்ளுறுப்புகளைக் கொத்தி, ஓட்ஸும் கொழுப்பும் மிளகும் சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள்ளேயே அடைத்து வேகவைப்பது. விருந்துக்கு அதையே உருண்டை பிடித்து எண்ணெயில் பொரிப்பார்களாம். சின்னதா, உருண்டையா, ஒரு வாய்க்கு ஒண்ணு. படித்ததும் பிரான்சிஸுக்கு உயிர் வந்தது.

சனிக்கிழமை காலை. கரியடுப்பில் பெரிய பானை. உள்ளே அடைத்துத் தைத்த இரைப்பை. வெளியே மழை. நீராவியும் சாரலும் கலந்ததில் சமையலறையே மலைப்பிரதேசமாகிவிட்டது. அந்த மூட்டத்துக்குள் ஹன்னா நடந்து வந்தாள். பின்னால் ஐந்தாறு ஆடுகள். "கோ பிரான்சிஸ், இந்த ஊர்ல பாப்டிஸ்ட், கத்தோலிக் எல்லாம் பாக்க மாட்டாங்களாம்" என்றாள். பிரான்சிஸ் அவள் கையைப் பிடிக்கப் போனான்.

டப் என்று ஒரு சத்தம்.

பக்கத்து வீட்டுக் கமருன்னிசா ஓடி வந்தாள். "என்ன வெடிச்சது?"

"இரைப்பை."

"யாரோடது?"

பானைக்குள் எல்லாம் கரைந்து மிதந்தது. வடிகட்டி எடுத்ததில் முக்கால்வாசி தேறியது, ஆனால் ஓட்ஸ் முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டது. கடைக்கு ஓட நேரமில்லை. கமருன்னிசா தன் வீட்டிலிருந்து நாலு பொட்டலம் ஓட்ஸ் கொண்டுவந்தாள். அவசரத்தில் கிழித்துக் கொட்டிப் பிசைந்து, ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தான்.

"இனிக்குது."

"பாலும் சீனியும் போட்டது. வெந்நீர் ஊத்தினாப் போதும். எம்மவ தினம் குடிக்கிறா."

"ஈரல்ல சீனியா?"

"மிளகு போடு. மிளகு எல்லாத்தையும் அடக்கும்."

மிளகு போட்டான். சீனி அடங்கவில்லை. இன்னும் போட்டான். இப்போது சீனி அடங்கிவிட்டது, ஆனால் மிளகை அடக்க ஆள் இல்லை. கமருன்னிசா ருசி பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உருளைக்கிழங்கு சேத்தா ஒறைப்பு கொறையும்" என்றாள்.

உருளைக்கிழங்கை அவித்துச் சேர்த்தான். மாவு தளர்ந்து, பிடித்த உருண்டையெல்லாம் தட்டில் உட்கார்ந்து படுத்துக்கொண்டது. குளிர்பெட்டியில் வைத்தால் இறுகும் என்று கதவைத் திறந்தான். உள்ளே விளக்கு எரியவில்லை.

"மீ போயி ஒரு மணி நேரமாச்சே" என்றாள் கமருன்னிசா. மின்சாரத்துக்கு இந்த ஊரில் அதுதான் பேர், அதுவும் போகும்போதுதான் அதிகம் சொல்லப்படும்.

இறுகாத உருண்டையை முட்டையில் நனைத்து, ரஸ்க் தூளில் புரட்டி எண்ணெயில் போட்டான். முதல் ஆறும் வாயைத் திறந்துகொண்டன. அடுத்த ஈட்டுக்கு ரஸ்க்கை மூன்று முறை புரட்டினான். உடையவில்லை. ஆனால் ஒன்று கைதவறித் தரையில் விழுந்தபோது துள்ளிப் போய்க் கதவில் இடித்து நின்றது. கமருன்னிசா அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஜன்னலில் வைத்தாள்.

தொட்டுக்கொள்ள விஸ்கி சேர்த்த பாலாடைக் குழம்பு வேண்டும் என்று இணையத்தில் போட்டிருந்தது. பால் ஐயா இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பார். விஸ்கியின் நிறம் வந்தால் போதும் என்று டீயைக் கெட்டியாகக் காய்ச்சி, டப்பாப் பாலை ஊற்றிக் கிண்டினான். நிறம் அப்படியே வந்தது.

"நல்லாருக்கா?" என்றான்.

"டீ நல்லாருக்கு" என்றாள் கமருன்னிசா.

மணி மூன்று. நாற்பது உருண்டைகளை ஹாட்பாக்ஸில் அடைத்து, வெள்ளைச் சட்டையும் நல்ல லோஞ்சியும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. தெருவும் குடைகளும் புத்தர் கோவில் உச்சியும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல மெல்ல அசைந்தன. மடியில் ஹாட்பாக்ஸ் சூடாக இருந்தது. கிழவர் ஒன்றை வாயில் போடுவார், கண் மூடுவார், கப்பல் கம்பெனி தெரியும், தன் அப்பா தெரிவார். பிறகு கண்ணைத் திறந்து, "ஹன்னா, இங்க வாம்மா" என்பார். பிரான்சிஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி, நனைந்துகொண்டே திரும்பி நடந்தான்.

நாலாவது மாடி. பால் ஐயா மடிப்புக் கலையாத சட்டையில் நாற்காலியில் இருந்தார். சபையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஐயாவோடு அதே வீட்டில் இருக்கும் அவருடைய தங்கை மார்த்தா அத்தை கோப்பைகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஹன்னா புது நீல உடுப்பில் சுவரோரமாக நின்றாள். அவளைப் பார்த்ததும் பிரான்சிஸுக்கு வீட்டில் பழகி வைத்திருந்த வாழ்த்து மறந்துபோனது. தட்டை மட்டும் நீட்டினான்.

பால் ஐயா தட்டைப் பார்த்தார். "இது என்ன?"

"நீங்க கேட்ட ஸ்காட் பலகாரம், ஐயா."

"இதுவா?"

"பெருசாத்தான் செய்வாங்களாம். நான் ஒரு வாய்க்கு அடங்குற மாதிரி மாத்திருக்கேன்."

ஐயா ஓர் உருண்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியிலும் பார்த்தார். "ஒத்தையா இருக்கே" என்றார்.

ஒத்தையா என்றால் என்ன குறை என்று பிரான்சிஸுக்கு விளங்கவில்லை. டீக் குழம்பைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான். ஐயா வாயில் போட்டார். கண் மூடினார். பிரான்சிஸ் மூச்சை அடக்கிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"ஞாபகம் வருதா ஐயா?"

"மிளகு" என்றார் ஐயா.

தண்ணீர் குடித்தார். சாப்பாட்டை வீணாக்கும் பழக்கம் இல்லாத மனிதர், இன்னொன்றையும் தின்றார். பிறகு செய்ததுதான் விநோதமாக இருந்தது. இரண்டு உருண்டைகளை எடுத்துத் தன் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றோடொன்று சேர்த்து அழுத்தினார். அவை விலகி உருண்டன. குழம்பை ஒரு சொட்டுத் தடவி மறுபடி ஒட்டிப் பார்த்தார். மறுபடியும் ஆளுக்கொரு பக்கம் போயின. சபையார் டீக் கோப்பைகளுக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா, என்ன பண்றீங்க?" என்றாள் ஹன்னா.

"ஒட்ட மாட்டேங்குதே." ஐயா கையைத் துடைத்தார். பிரான்சிஸையும் ஹன்னாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இத வச்சுக்கிட்டு நான் என்னத்தச் சொல்றது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார்.

பிரான்சிஸ் மிச்சத்தை ஹாட்பாக்ஸில் போட்டு மூடினான். அவமானத்தைவிட அவனுக்குத் துக்கம்தான் அதிகமாக இருந்தது. ஒரு சமையல்காரனிடம் அந்த மனிதர் நாலு வருஷத்தில் கேட்டது ஒரே ஒரு பலகாரம். அதைக்கூடச் சரியாகச் செய்ய முடியவில்லை. வாசலில் செருப்பைத் தேடும்போது கண் மறைத்தது.

ஹன்னா பின்னாலேயே வந்தாள். "போகாதீங்க, கோ பிரான்சிஸ். நான் போயி அப்பாட்ட பேசுறேன்."

"வேணாம். ஒட்டாதுன்னு வாயாலயே சொல்லிட்டாரு. எல்லாருக்கும் முன்னால."

"அப்படின்னா நானும் ஒங்ககூட எறங்கி வரேன்" என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் செருப்பை மாட்டினாள். இந்த நாலு வருஷத்தில் அவள் அப்பாவை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

இரண்டு படி இறங்கியிருப்பார்கள். மேலே கதவு திறந்து மார்த்தா அத்தை மூச்சு வாங்க எட்டிப் பார்த்தாள்.

"எங்க போறீங்க ரெண்டு பேரும்? அண்ணன் உள்ள வேதப் புஸ்தகத்தத் தேடிக்கிட்டிருக்காரு. பலகாரம் ஒட்டலன்னா கர்த்தர் ஒட்டட்டும்னு சொல்றாரு."

"எனக்கு ஒண்ணும் புரியல அத்தை" என்றான் பிரான்சிஸ்.

"அவரு கேட்டது பொஜோ மார்க்கெட் வாசல்ல விக்கிற மோ லின்மயா, எங்க காலத்துல அந்த மார்க்கெட்டுக்கு ஸ்காட் மார்க்கெட்டுன்னுதான் பேரு, ரெண்டு பாதியாச் சுட்டு ஒண்ணா ஒட்டுவாங்களே, புருஷன் பொண்டாட்டிப் பலகாரம், அதுல ஒண்ண எடுத்து உங்க ரெண்டு பேர் கையிலயும் குடுத்து சம்மதம்னு சொல்லத்தான் நாலு நாளா என்கிட்ட ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தாரு."