புழு மேடமும் பேச்சியம்மாள் கோழிகளும்

குற்றாலத்துக்கு வந்து, சீசன் முழுக்க இங்கேயே கிடந்து, ஒரு அருவியில்கூடத் தலையைக் காட்டாமல் திரும்பிப் போன ஒரே பிறவி இந்த உலகத்தில் புழு மேடம்தான். சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஊரே மெயினருவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இந்த அம்மாள் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு போவார். தரையில் என்ன? கோழி எச்சம். கோழி இல்லாத இடத்தில் ஆட்டுப் புழுக்கை. அதுவும் இல்லாவிட்டால் குரங்கு போட்டுவிட்டுப் போனது.

ஐந்தருவி ரோட்டில் நான் மேனேஜராக இருக்கிற லாட்ஜில், பின்பக்கத்து அறையை மாச வாடகைக்கு எடுத்திருந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர். கால்நடை மருத்துவம் படித்தவர். மலையடிவாரத்து ஜீவன்களின் குடலுக்குள் என்னென்ன புழு குடியிருக்கிறது என்று ஆராய்ச்சி. ரிஜிஸ்தரில் பெயரை எழுதத்தான் எழுதினார். அந்தக் கையெழுத்தே புழு நெளிகிற மாதிரி இருந்ததால் எங்களில் ஒருவருக்கும் படிக்க வரவில்லை. புழு மேடம் என்றே நிலைத்துவிட்டது.

வந்த வாரமே எங்கள் மெஸ் பிரிட்ஜில் இடம் பிடித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஸ்ஸில் சமையல் மாடசாமி. ஒருநாள் காலையில் பிரிட்ஜைத் திறந்தவன் கண்ணில் வரிசையாக டப்பாக்கள் பட்டன. ஒன்றில் 'இலஞ்சி ஆடு' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'வடகரை நாட்டுக்கோழி'. முதலாளிதான் கறி வாங்கி அனுப்பியிருக்கிறார் என்று ஆசையாக மூடியைத் திறந்திருக்கிறான். அன்றைக்கு மத்தியானம் லாட்ஜில் யாருக்கும் சாப்பாடு கிடையாது. மேடத்திடம் சண்டைக்குப் போனேன்.

"மேடம், பால் வைக்கிற எடத்துல இதையெல்லாம் வைக்கலாமா?"

"மூடியை எதுக்குங்க தொறந்தாரு? வெளிக்காத்துப் பட்டா என்ற சாம்பிள் என்னாகுறது?" என்று என்மேல் பாய்ந்தார்.

கோபப்பட வேண்டியது நான். ஆனால் அவர் எதிரே நமக்கு அந்த வாய்ப்பே அமையாது. கடைசியில் லாட்ஜ் செலவில் அவருக்கென்று ஒரு பழைய பிரிட்ஜ் வாங்க வேண்டியதாயிற்று.

செங்கோட்டைப் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் போய், "குடலையெல்லாம் என்ன பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். தூரப் போட்டுவிடுவோம் என்றாராம் கடைக்காரர். "எனக்குத் தந்தா ஆகாதுங்களா?" என்றிருக்கிறார் இவர். பாவம், வசதியில்லாத பொம்பளை போலிருக்கிறது என்று அந்த மனுஷன் இரண்டு பரோட்டாவைச் சால்னா ஊற்றிக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மேடம் அதைச் சாப்பிட்டுவிட்டு மறுநாளும் குடல் கேட்கப் போனார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். எனக்கு நேர்ந்த அநியாயத்தைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

மாடசாமியின் பெண்டாட்டி பேச்சியம்மாள் லாட்ஜுக்குப் பின்னாலேயே கோழி வளர்த்தாள். அந்தக் கோழிகள் ரிசப்ஷன் சோபாவில் வந்து உட்காரும். காசு கொடுத்து வருகிறவன் நிற்பான், கோழி உட்கார்ந்திருக்கும். "ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் இதுகளுக்கு ஒரு முடிவு கட்டுதேன்" என்று நான் நாலு பேர் கேட்கச் சொன்னது உண்மை. கோபத்தில் யார்தான் சொல்ல மாட்டார்கள்? அடுத்து, அறைகளில் கரப்பான் தொல்லை தாங்காமல் தென்காசிக்குப் போய்ப் பூச்சி மருந்து வாங்கி வந்தேன். அதுவும் உண்மை.

சாரல் பிடித்து ஊறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் பேச்சியம்மாளின் கோழிகள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன.

"பூச்சி மருந்து வாங்கிட்டு வந்தத என் கண்ணால பாத்தேன்" என்றான் மாடசாமி. அதுவரை அண்ணாச்சி, அண்ணாச்சி என்று குழைந்தவன், "வே மேனேசரு, வாயில்லா சீவன கொன்னுட்டீரே" என்றான். பேச்சியம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். அதோடு அடுப்பும் அணைந்தது. சீசன் நேரம், லாட்ஜ் நிறைய ஆள், மெஸ் பூட்டு. முதலாளி தென்காசியிலிருந்து போன் போட்டார்.

"நாளைக்குள்ள அவன சமாதானம் பண்ணும். இல்லைன்னா நீரு பொட்டியக் கட்டும்."

நான் கொல்லவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து எச்சம் போட்ட கோழிக்காக என் வேலை போகப் போகிறது.

அப்போதுதான் மேடம் குடையோடு உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த கோபம், அதுவரை யாரிடமும் நான் பார்க்காதது.

"செத்த கோழி எங்கீங்க? பொதைச்சுட்டீங்களா?"

அன்று காலையில் செத்தது ஒன்று கிடந்தது. முற்றத்தில் பேப்பரை விரித்து, கையுறை மாட்டி, அங்கேயே அறுக்க உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் பாதி எண்ணெயோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். மேடம் குடலைக் கீறினார். உள்ளே வெள்ளை வெளேரென்று நீளநீளமாகப் புழுக்கள், இடியாப்பத்தைப் பிழிந்து திணித்த மாதிரி அடைத்துக்கொண்டு கிடந்தன. பாதி எண்ணெயோடு நின்றவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

"நல்லாப் பாருங்க. இத்தனை இருந்தா தீனி எப்படிங்க எறங்கும்? வெசம் வெச்சா எல்லாம் ஒண்ணாச் சாவும். இது ஒண்ணொண்ணா எளைச்சு, கொண்டை வெளுத்துச் செத்திருக்குது."

பேச்சியம்மாள் அசையவில்லை. "அந்தப் புழுவையும் இவருதான் போட்டிருப்பாரு" என்றாள்.

மேடம் அவள் கையைப் பிடித்துக் கோழிக்கூட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் போனோம். குளியலறைத் தண்ணீர் ஓடிச் சகதியாகிக் கிடந்தது கூடு. எச்சத்தின் மேலேயே அரிசி சிதறிக் கிடந்தது.

"புழுவோட முட்டை எச்சத்துல வருதும்மா. இந்த ஈரத்துல அது நல்லா வெளையும். அதையே உன்ற கோழி கொத்தித் திங்குது. உனக்கு வயித்த வலின்னா ஆஸ்பத்திரிக்கு ஓடுவே. அது யாருகிட்டப் போய்ச் சொல்லும்?"

பிறகு மிச்சமிருந்த கோழிகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பேச்சியம்மாள் கோழிகளை மறித்துக்கொண்டு நின்றாள். "நீங்களும் அந்தாளு கூட்டா?" என்று அழுதாள். இது வயிற்றுப் பூச்சிக்கான மருந்து, கரப்பானுக்கு அடிக்கிறது இல்லை என்று புரியவைப்பதற்குள் மேடத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மருந்து தண்ணீரில் கலந்து வைக்கப்பட்டது. கூடு மேட்டுக்கு மாறியது. மறுநாள் எச்சத்தோடு வெளியே வந்து கிடந்த புழுக்களைப் பேச்சியம்மாள் குச்சியால் புரட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மாடசாமி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தான். "குடிங்க அண்ணாச்சி. ஆத்திரத்துல பேசிட்டேன்" என்றான். அவனைப் பார்க்காமலே குடித்தேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

நன்றி சொல்ல மேடத்தின் அறைக்குப் போனேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே பேசினார்.

"உங்களுக்காகப் பண்ணலீங்க மேனேஜர். புழு பண்ணுன வேலைக்கு நீங்க பேரு வாங்கிக்கிட்டு இருந்தீங்க. அது எனக்குப் பொறுக்கல."

இப்படி ஒரு பதிலை ஒரு மனுஷனுக்குச் சொல்லலாமா? சொல்லுங்கள், நியாயமா?

சீசன் முடிந்து போய்விட்டார். இப்போது வருஷாவருஷம் சாரல் தொடங்கினால் எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான், அருவியில் தண்ணீர் விழுகிறதா. மேடமும் கூப்பிடுவார். "கோழியெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்பார். இருக்கு மேடம் என்பேன். அப்புறம்தான், "நீங்க?" என்பார். கோழிக்கு அடுத்தபடியாகத்தான் நான். இருந்தாலும் இந்த வருஷம் சாரல் விழுந்து நாலு நாளாகியும் அந்த போன் இன்னும் வரவில்லை. குளிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.