என் படகில் ஓர் ஆலா குடியிருக்கிறது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் படகும் கடலும் நலம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், குழந்தைகளும், முக்கியமாக என் மேல் கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் தங்கள் அக்காவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். பார்த்த இடத்திலெல்லாம் "டேய்" என்று கூப்பிடுகிறவன் இன்றைக்குத் "தாங்கள்" போட்டு எழுதுகிறானே என்று தாங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். எனக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

நடந்ததை அக்கா அவள் பாணியில் சொல்லியிருப்பாள். என் பாணியிலும் கேளுங்கள். எங்கள் சமையலறை வாசலுக்கு மேலே குளவி கூடு கட்டியது. "அதைக் கலைங்க" என்றாள். முடியாது என்றேன். இந்தத் தீவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த உயிர் எங்கே கூடு கட்டினாலும், குஞ்சு பறந்து போகும்வரை அதில் யாரும் கைவைக்கக் கூடாது. சின்ன இடம், அதுகளுக்கும் வேறு போக்கிடம் இல்லை. ஊர்க்கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தி அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவனே நான்தான். போன வருஷம் கடைக்காரரின் தராசுத் தட்டில் குருவி முட்டையிட்டபோது, மனுஷனைக் கையாலேயே அள்ளி அள்ளி வியாபாரம் பண்ண வைத்தேன். அப்படிப்பட்டவன் தன் வீட்டுக் குளவியைக் கலைத்தால் ஊர் என்ன பேசும்? "ஊர் பேசட்டும், கொட்டு வாங்குறது என் தலைதானே! குளவியா நானா, சொல்லுங்க" என்றாள். நான் உடனே பதில் சொல்லியிருக்கணும். யோசிச்சேன். அதுதான் தப்பாப் போச்சு.

பெட்டியைக் கட்டிட்டா. இதுல கொடுமை என்னன்னா, தீவை விட்டுப் போகணும்னா இருக்கிறது என் படகு ஒண்ணுதான். கோவிச்சுக்கிட்டுப் போற பொண்டாட்டியை நானே ஏத்திக்கிட்டுப் போய் விடவேண்டியதாயிடுச்சு. வழி முழுக்க முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. இறங்குறப்போ, "நானா வரமாட்டேன். நிலா முழுசாகுறதுக்குள்ள நீங்க வந்து கூப்பிடணும். வரலைன்னா நான் வேண்டாம்னு எடுத்துக்குவேன்"னு சொன்னா. நானும் வீறாப்பா "பார்க்கலாம், பார்க்கலாம்"னுட்டுத் திரும்பிட்டேன். அவ குடை மட்டும் படகுலயே கிடந்துச்சு.

திரும்பி வந்தவன் படகைத் துறையில கட்டிப்போட்டுட்டு வீட்டுல சுருண்டு படுத்துட்டேன். கேட்டவங்ககிட்ட எஞ்சின் கோளாறுன்னேன். எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு, கோளாறு எனக்குத்தான். கடைசியில மனசு கேட்காம, சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, அவளைக் கூப்பிட வரலாம்னு துறைக்குப் போறேன், எஞ்சின் பெட்டி மேல ஒரு ஆலா உட்கார்ந்திருக்கு. அதான் மச்சான், உடம்பெல்லாம் வெள்ளை, தலையில மட்டும் கறுப்புத் தொப்பி வச்ச மாதிரி ஒரு கடல் பறவை. ஓடுற படகுல அது முட்டை போடுமா? அசையாமக் கிடந்ததைப் பாறைன்னு நினைச்சிருக்கு. "எழுந்து போம்மா, புண்ணியமாப் போகும்"னு கும்பிட்டேன். கொஞ்சம் தள்ளி நின்னுச்சு. கீழே புள்ளி புள்ளியா முட்டை.

திரும்பிப் பார்த்தா கடைக்காரர். அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கல்யாணத்துல கூட நான் பார்த்ததில்லை. "அண்ணே, கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடு"ன்னு சொல்லி, அவரே கயிறு கொண்டாந்து துறையைச் சுத்திக் கட்டிட்டார்.

அதிலிருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு. படகு போகலை, டீசல் வரலை. டீசல் வரலை, போன் கோபுரம் செத்துப்போச்சு. உங்கிட்ட ஒரு வார்த்தை பேச வழியில்லை. சோப்பு தீர்ந்துபோச்சு. முடி வெட்டுறவர் அக்கரையிலிருந்து வரணும், வரமுடியலை, ஊர்ல ஆம்பளைங்க எல்லாரும் சாமியார் மாதிரி திரியறோம். மத்தவங்ககிட்ட இருக்கிறது கரையோரம் மீன் பிடிக்கிற சின்ன ஓடம், ஆழத்துக்குப் போனா கவிழ்ந்துடும். அக்கரைப் படகுக்காரனுக்கு இங்கத்துப் பாறை பழக்கமில்லை, வரவே மாட்டான்.

ஆனா ஒண்ணு சொல்லணும் மச்சான். எஞ்சின் சத்தம் நின்னதும் தீவே என்னமோ கனவுக்குள்ள போன மாதிரி ஆயிடுச்சு. துறைப்பக்கம் எல்லாரும் கிசுகிசுன்னு பேசறாங்க. மத்தியானத்துல தண்ணி படகு அடியில தட்டுறது வீடு வரைக்கும் கேக்குது. முட்டைக்கு வெயில் படக்கூடாதுன்னு அக்கா குடையை விரிச்சுக் கட்டிட்டு, நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். ஆலா முதல்ல என்னைக் கொத்த வந்துச்சு. இப்ப என்னையும் ஒரு மூட்டைன்னு நினைச்சு விட்டுடுச்சு. வெயில் சாயறப்போ கடலும் வானமும் ஒரே நிறமாயிடும், படகு மிதக்குதா பறக்குதான்னே தெரியாது. அப்போ ஆண் ஆலா மீனோட வரும். அவ முகத்தைத் திருப்பிக்குவா. கோவம். அவன் வீறாப்பெல்லாம் பேசறதில்லை, இன்னொரு மீனைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பவும் வந்து நிக்கிறான். அவ வாங்கிக்கிற வரைக்கும் வர்றான். இவ்வளவு வயசாகி இது எனக்குத் தெரியலையேடா!

குளவிக் கூட்டையும் நான் கலைக்கலை. அதுக்குப் பதிலா சமையலறையில எதிர்ச்சுவத்தை உடைச்சு இன்னொரு வாசல் வச்சிருக்கேன். கொஞ்சம் கோணல்தான். நான் குனிஞ்சுதான் போகணும். உங்க அக்கா நிமிர்ந்தே போகலாம், அவ உயரத்துக்குத்தான் அளந்து வச்சேன். அளக்கிறப்போ அவ தோள் எந்த மட்டத்துல வரும்னு நினைச்சுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் வேலையே ஓடலை.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து, நிலா முழுசாவதற்குள் அக்காவிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அத்தான் வராமல் இல்லை. வர முடியாமல் இருக்கிறார். குளவியா நானா என்று கேட்டாயே, நீதான் என்கிறார். அவளை எங்கேயும் கிளம்ப விடாதே. நல்லா சாப்பிடறாளான்னு பாரு.

குழந்தைகளுக்கு என் முத்தம். வீடு நிறைஞ்சு சிரிப்பு நிறைஞ்சு எல்லாரும் நல்லா இருங்க.

இப்படிக்கு,
படகு இருந்தும் இல்லாதவனான
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: தபால்காரர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரிண்ணே, இதை எந்தப் படகுல ஏத்துறது?"ன்னார். தபாலும் என் படகுலதான் போகுது. குஞ்சு பறந்தப்புறம்தான் இது உங்க வீட்டுக்கு வரும், அதுவும் என் சட்டைப் பையில. அதனால மேலே எழுதினதையெல்லாம் விட்டுடு மச்சான், ஒண்ணும் சொல்லவேண்டாம். இதைக் கதவுக்கு அடியில தள்ளிட்டு நான் வாசல்லயே நிக்கிறேன். எடுத்துப் படிக்கிறது நீயா இருந்தா, அக்காகிட்ட கொடுத்துடு. அவளே எடுத்திருந்தா: நிலா எப்பவோ தேஞ்சுபோயிருக்கும், தெரியும்மா. உன் குடை என் கையில இருக்கு. அதுல வெள்ளை வெள்ளையா இருக்கிறது பெயின்ட் இல்லை. திட்டறதுன்னா கதவைத் திறந்துட்டுத் திட்டு.