கடமா, அண்டாவா?

அபிப்பிராயம் சொல்வதில் ஒரு வசதி உண்டு. எதையும் சரியாகக் கேட்காமலேயே சொல்லிவிடலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நான் அந்த ரகம் இல்லை. இரண்டு வருஷம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இசைத்தட்டை நூறு முறைக்கு மேல் கேட்டு, நோட்டில் குறிப்பெடுத்து, அதன் பிறகுதான் அபிப்பிராயம் சொன்னேன். என் மானம் போனது அதனால்தான்.

அந்த இசைக்காரரின் பெயரைச் சொல்ல மாட்டேன். உலகப் புகழ் பெற்றவர். அவருக்கு அடையாற்றில் மட்டுமே நாற்பது ரசிகர்களாவது இருப்பார்கள், அவர்களில் பலருக்கு என் வீடு தெரியும். ராக் இசையில் 'ஆர்ட் ராக்' என்று ஒரு கிளை இருக்கிறது. பாட்டு மட்டும் போதாது என்று நினைத்தவர்கள் அதில் ஓவியம், நாடகம், வேஷம், கொஞ்சம் கிறுக்கு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். நம்மாள் (இனி அவரை இப்படியே சொல்கிறேன்) அதில் சக்கரவர்த்தி. அவருடைய ஆல்பங்களில் ஒன்றை மட்டும் விமர்சகர்கள் ஒன்றுகூடித் திட்டினார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'கடற்கரையில் விடுமுறை' என்று வரும். ஐஸ்கிரீம் வண்டியில் போடுகிற பாட்டு, ஒரு மேதை செய்கிற வேலையா இது என்றெல்லாம் எழுதினார்கள். இத்தனை பேர் திட்டியதால் அதை யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களும் சேர்ந்து திட்டினார்கள்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சாந்தோமில் வீடு, பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார் வேலை. எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் வாத்தியார்கள்; எதையும் நாலு பேருக்கு விளக்காமல் இருக்க முடியாத வியாதி எங்களுக்கு. தேனாம்பேட்டையில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவர் பழைய இசைத்தட்டுகளைக் கொடுத்துவிடப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே கிடைத்தது இந்தத் தட்டு. மேலுறை இல்லை. நடுவில் இருக்கும் வட்டச் சீட்டில் பாதியை மறைத்து யாரோ தன் பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தார்கள். நான் கவலைப்படவில்லை. தட்டு பெரிய தட்டு. பெரிய தட்டு என்றால் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து சுற்று என்பது எனக்குத் தெரியும். ப்ளேயரில் இரண்டுக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை முப்பத்து மூன்றில் வைத்து ஊசியை இறக்கினேன்.

இறக்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐஸ்கிரீம் வண்டியா இது? கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல். ஒவ்வொரு சொல்லையும் பாறையைப் புரட்டுவதுபோல் புரட்டிப் புரட்டிப் பாடுகிறது. இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு பெண் விம்முகிறாள். மூன்றாவது பாட்டில், நம்மூர்க் கடம் ஒன்றை யாரோ வாசிக்கிறார்கள், சவ ஊர்வலத்துக்கு வாசிப்பதுபோல. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. (அன்றைக்கு ஜலதோஷமும் இருந்தது. ஆனாலும் வந்தது.)

இணையத்தில் அதே ஆல்பத்தை ஒருமுறை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் அப்போது எனக்குக் கொள்கை ஒன்று இருந்தது. தட்டில் கேட்பதுதான் கேட்பது, போனில் கேட்பதெல்லாம் வதந்தி. இப்படிப்பட்ட கொள்கைகள் இருபத்தெட்டு வயதில் நிறைய இருக்கும்.

பதினோரு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். 'விடுமுறை' என்பது வாழ்க்கையிலிருந்தே எடுத்துக்கொள்ளும் விடுமுறை, 'கடற்கரை' என்பது நாம் எல்லோரும் போய்ச் சேரவேண்டிய மறுகரை, மரணத்தின் வாசலில் நின்று ஒரு கலைஞன் பாடியதை ஐஸ்கிரீம் என்று சொன்ன விமர்சகர்களுக்குக் காது இல்லை. இதுதான் சாரம். கார்த்தி என்று எனக்கு ஒரு நண்பன்; அடையாற்றில் அவன் வீட்டு ஹாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இசைத்தட்டு கேட்பார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் பஜ்ஜி சாப்பிடுவார்கள். அடுத்த ஞாயிறு என் முறை.

இதோடு நிறுத்தியிருந்தால் போன மானம் பத்துப் பேருக்குள் போயிருக்கும். ஆனால் நடுவில் மைதிலி இருந்தாள்.

மைதிலி என்னோடு வேலை பார்த்தவள், கணக்கு டீச்சர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவெடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அம்மா ஒரு வாரம் பேசாமல் இருந்தாள், பிறகு மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். மைதிலியின் அப்பாதான் பாக்கி. அவர் மதம், ஜாதி எதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒருநாள் மைதிலி வந்து சொன்னாள்.

"அப்பா உங்க பேச்சைக் கேக்க வரேன்னுட்டார்."

"எந்தப் பேச்சு?"

"கார்த்தி ஆத்துல பேசப்போறேளே, அது. 'பையன் சங்கீதத்தைப் பத்திப் பேசறான்னு சொல்றியே, கேட்டுட்டுச் சொல்றேன்'னார். இதான் அவர் வாயிலேர்ந்து வந்த மொதல் நல்ல வார்த்தை, ஜெரோம். சொதப்பிடாதேங்கோ."

"பிடிக்கலைன்னா திட்டுவாரா?"

"திட்டவே மாட்டார். கச்சேரியில சுருதி சேரலைன்னா என்ன பண்ணுவாரோ அதான் பண்ணுவார். நடுவுல எழுந்து காண்டீனுக்குப் போயிடுவார். அப்புறம் அந்தப் பாடகர் பேரையே ஆத்துல எடுக்கப்படாது."

ஆக, விஷயம் தெளிவாக இருந்தது. அவர் உட்கார்ந்திருந்தால் கல்யாணம். எழுந்தால் காண்டீன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, என் ப்ளேயரையும் தட்டையும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கார்த்தியிடமே நல்ல ப்ளேயர் இருந்தது. அதில் போடச் சம்மதிக்கவில்லை. "இந்த ஆல்பத்துக்கு என் ப்ளேயர்தான் பழக்கம்" என்று சொன்னேன். (குழந்தையை வேறு டாக்டரிடம் காட்ட மாட்டேன் என்பதுபோல.)

"இன்னா மச்சி, கோட்டெல்லாம் போட்டுக்கினு வந்துகிற?" என்றான் கார்த்தி.

மே மாதம். சாம்பல் நிறக் கோட்டு. கட்டுரையின் துக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று போட்டிருந்தேன்.

மைதிலியின் அப்பா சரியான நேரத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, வேட்டி, சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு. "மாமா, வாங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து போக வசதியான இடம்.

பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முதல் பாட்டு ஓடியபோது ஒருவர் பஜ்ஜியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். இரண்டாவது பாட்டில் அந்தப் பெண்ணின் விம்மல் வந்தபோது கையை உயர்த்தி, "கேளுங்கள்! உலகத்தின் எல்லா விதவைகளும் இதில் அழுகிறார்கள்" என்றேன். பின்வரிசையில் ஓர் அம்மாள் உச்சுக்கொட்டினார். மைதிலி மட்டும் என்னையும் பார்க்காமல் ப்ளேயரையும் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பாட்டு. கடம் ஆரம்பித்தது. தொம்… தொம்… தொம்…

மாமா முகத்தைச் சுளித்தார். காதைக் கொஞ்சம் திருப்பினார். தொடையில் விரலால் தட்டிப் பார்த்தார், நிறுத்தினார். மறுபடி தட்டினார். பிறகு எழுந்துவிட்டார்.

என் பேச்சு வாக்கியத்தின் நடுவில் நின்றது. கல்யாண மண்டபம், மாதா கோயில், மாலை, கேக் எல்லாம் ஒவ்வொன்றாக என் கண்ணுக்கு முன்னால் காண்டீனுக்குப் போயின.

ஆனால் அவர் வாசல் பக்கம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"இது என்ன வாத்தியம்னு சொன்னேள்?"

"கடம், மாமா."

"கடமா, அண்டாவா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நான் சின்ன வயசுல நாலு வருஷம் கடம் கத்துண்டிருக்கேன். இந்த ஒலி வரணும்னா பானை இத்தனை பெரிசு இருக்கணும்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "அதை மடியில வெச்சுக்க முடியாது. அதுக்குள்ள உக்காந்துண்டுதான் வாசிக்கணும். அது போகட்டும். இவர் வாசிக்கறது வேகமான தாளச் சொல்லு. அதை ஏன் இப்படி ஆடி ஆடி வாசிக்கறார், உடம்பு சரியில்லையா?"

"அது… துக்கம், மாமா."

"துக்கமா இருந்தா எதுக்கு அந்தச் சொல்லை வாசிக்கறார்?"

பதினோரு பக்கத்தில் எங்கேயும் அதற்குப் பதில் இல்லை. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ப்ளேயரைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன ஸ்விட்ச்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நிதானமாக நடக்கவில்லை. கிணற்றடிக் குரல் ஒரு துள்ளலில் மேலே ஏறிவந்து, நல்ல வெயிலில் பந்து விளையாடுகிற ஆளின் குரலாகிவிட்டது. அண்டா சுருங்கி அழகான கடமாகித் துள்ளியது. கூட ஒரு விசில் சத்தம் வேறு. கட்டுரையில் அதைக் கப்பலின் சங்கு என்று எழுதியிருந்தேன்.

"மச்சி, பாட்டு சோக்கா கீதுடா!" என்று கார்த்தி கத்தினான். யாரோ கை தட்ட, எல்லோரும் தட்ட ஆரம்பித்தார்கள். கார்த்திக்கு அதோடு திருப்தி வரவில்லை. ஊசியை எடுத்து இரண்டாவது பாட்டின் நடுவில் வைத்தான். உலகத்தின் எல்லா விதவைகளும் ஒரே குழந்தையாகி, யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உச்சுக்கொட்டிய அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அந்த நிலையிலாவது நான் சும்மா இருந்திருக்கலாம். பரம்பரை வியாதி விடவில்லை. "கலைஞன் எந்த வேகத்தில் நினைத்தான் என்பதா முக்கியம்? ஒருவேளை முப்பத்து மூன்றில் கேட்க வேண்டும் என்பதுதான் இந்த ஆல்பத்தின் ரகசியமோ…" என்று ஆரம்பித்தேன். மாமா தட்டை நிறுத்தி, நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் மெதுவாக உரித்தார்.

"நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கான்" என்றார்.

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். "தப்பா கேட்டுட்டேன், மாமா. ரெண்டு வருஷமா" என்றேன். மைதிலி எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

சரியான வேகத்தில் முழு ஆல்பத்தையும் கேட்டோம். மறுமதிப்பீடு என்று நான் ஆரம்பித்த காரியம் அப்படித்தான் நடந்து முடிந்தது. முடிவையும் சொல்லிவிடுகிறேன்: விமர்சகர்கள் சொன்னது சரி. ஐஸ்கிரீம்தான். ஆனால் நல்ல ஐஸ்கிரீம். பதினொரு பேரும் இரண்டாவது முறை போடச் சொன்னார்கள்.

வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றபோது மாமாவுக்குப் பக்கத்தில் நான் ஒருவன்தான். மைதிலி வேண்டுமென்றே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு ஆட்டோ நிற்காமல் போயிற்று.

"ஆத்துல பழைய ப்ளேயர் ஒண்ணு இருக்கு" என்றார் திடீரென்று. "ரொம்ப வருஷமா ஓடலை. வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவையும் அழைச்சுண்டு வாங்கோ. வந்து பாருங்கோ."

"கட்டாயம் வரேன், மாமா."

"பார்த்தாப் போறும். ஸ்விட்சைத் தொடவேண்டாம்."

அவர் என் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னது அந்த வாக்கியத்தில்தான். வேறு எந்த வாக்கியத்திலும் அவர் சொன்னதாக எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கல்யாண வரவேற்பில் கார்த்தி மைக்கைப் பிடித்து என் பதினோரு பக்கத்தையும் வாசித்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'முப்பத்துமூணு' என்பது ஒரு நோயின் பெயர். நான் நெற்றியைத் தடவிக்கொண்டு உலகத்தைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் மைதிலி, "ஸ்விட்ச், ஸ்விட்ச்" என்பாள். ஏழு வயது மகள் பள்ளிக்கூடத்தில் தன் தோழிகளுக்கு நடுவில் அப்பாவை அறிமுகப்படுத்தும்போதே, "எங்கப்பா கொஞ்சம் ஸ்லோவாத்தான் ஓடுவார்" என்கிறாள்.

எல்லாம் சரி, ஓர் உண்மையை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். வீட்டில் யாரும் இல்லாத நாட்களில் நான் அந்தத் தட்டை முப்பத்து மூன்றில் போட்டுக் கேட்பேன். இரண்டு வருஷம் நான் நேசித்தது அந்த ஆல்பத்தைத்தான். அது தப்பு என்று தெரிந்த பிறகும் அதன்மேல் இருந்த ஆசை போகவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன்னிடம் இருக்கும் சாவியால் கதவைத் திறந்துகொண்டு மாமா உள்ளே வந்துவிட்டார். மூன்றாவது பாட்டு. தொம்… தொம்… திருடனைப்போல் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் மேல்துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"அண்டாதான்" என்றார். "இன்னொரு தரம் போடுங்கோ. மைதிலி வர்றதுக்குள்ள."