நாலு காலும் நாலு அளவு

மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் கையால் தொடாமல், மடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை மட்டும் வைத்துக்கொண்டு தச்சு வேலை பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் பாசு ஒருவர்தான். வேண்டுமானால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

எங்கள் இலங்கை மலைப்பக்கம் தச்சரைப் பாசு என்போம். இவர் பரம்பரைத் தச்சர் அல்ல. பூண்டுலோயாவுக்கு மேலே, நான் பள்ளிக்கூட மாஸ்டராக இருந்த தோட்டத்தில், நாற்பது வயதுவரை தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியவர். சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டதும், கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னையிலருந்து நான் தச்சு வேலைங்க" என்றார்.

"என்னாய்யா, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றார் கங்காணி.

"பொறந்ததுலருந்து எங்க லயத்துல எதை வச்சாலும் ஆடுதுங்க. நான் செய்யிறது ஒண்ணாவது ஆடாம நிக்கட்டும்."

கொழுந்துக் கூடையோடு நின்ற அவர் மனைவி மாரியாயி தலையில் அடித்துக்கொண்டார்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துத் தரை மேடும் பள்ளமுமான மண் தரை. யாராவது மேசை, பெஞ்சு கேட்டால் பாசு முதலில் வந்து எலுமிச்சம்பழத்தை உருட்டிவிடுவார். அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று குப்புறப் படுத்துப் பார்ப்பார். அப்புறம் அந்தத் தரைக்குத் தகுந்தபடி நாலு காலுக்கும் நாலு அளவு வைப்பார். வைத்த இடத்தில் அது பாறை மாதிரி நிற்கும். ஒரு சாண் நகர்த்தினால் போச்சு, கிடுகிடுவென்று ஆடும். ஒரு வீட்டில் பெஞ்சை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள். பாசுவுக்கு வந்ததே கோபம்! "கட்டிக்குடுத்த எடத்துலருந்து அதை ஏம்மா பிரிச்சீங்க?" என்று கண் கலங்கிவிட்டார்.

விஷயம் வெள்ளைக்காரத் தொரைக்கு எட்டியது. "ஆபீசுக்கு ஒரு நாற்காலி செய். நல்லா இருந்தா நீ தோட்டத்துப் பாசு. இல்லே, பழையபடி கவ்வாத்துக் கத்தி எடு. அதுவும் முடியாதா, வீடு காலி" என்றார்.

பத்து நாளில் நாற்காலி வந்தது. பாசு ஆபீஸ் வராந்தாவில் அடையாளம் போட்டுத்தான் வைத்திருந்தார். அன்று பார்த்து யாரோ தரையைக் கழுவி, நாற்காலியை இரண்டடி தள்ளி வைத்துவிட்டார்கள். தொரை உட்கார்ந்தார். நாற்காலி டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. தொரை முகம் சிவந்தது. என்னோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த மாரியாயி வாயைப் பொத்திக்கொண்டார்.

பாசு முன்னால் போய், "தொரை, எந்திரிங்க" என்றார்.

அந்தத் தோட்டத்தில் தொரையை எழுந்திருக்கச் சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. அவரும் திகைத்துப்போய் எழுந்துவிட்டார். பாசு மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து உருட்டினார். அது ஆற அமர உருண்டு, அவர் அடையாளம் போட்டிருந்த ஜன்னலோரப் பள்ளத்தில் போய் நின்றது. பழத்தை எடுத்துவிட்டு, அதே பள்ளத்தில் நாற்காலியின் பின்னங்காலை வைத்தார்.

"இப்ப ஒக்காருங்க."

தொரை உட்கார்ந்தார். வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார், இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார், குழந்தை மாதிரி குதித்தும் பார்த்தார். நாற்காலி அசையவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பாசு!"

மாரியாயி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அதன்பிறகு பாசுவை அவர் அப்பா அம்மா வைத்த பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கும் அது மறந்துபோயிற்று.

எனக்கும் ஒரு மேசை செய்து கொடுத்தார். சில வருஷத்தில் வட்டவளைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிக் கிளம்பியபோது பாசு முகம் வாடிப்போனது.

"மேசையையும் கொண்டு போறீங்களா மாஸ்டர்? அங்க ஆடுமே. பாசு செஞ்சது ஆடுதுன்னு சொல்லுவாங்களே." மேசைக்காலைத் தடவிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல், "வேணும்னா காலை அறுத்துச் சமமாக்கித் தாரேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். வட்டவளையில் அந்த மேசை என் ஆடைகளை மட்டும் சுமந்துகொண்டு, ஒரு மூலையில் ஆடியபடி கிடந்தது.

பிறகு ஹட்டனில் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். சிமெந்துத் தரை போட வந்த மேசனிடம், "என் மேசை ஆடாம நிக்கணும், இந்த ஜன்னலோரம் மட்டும் ஒரு விரல் பள்ளம் விட்டுப் பூசுங்க" என்றேன்.

"புதுத் தரையிலயா? ஏங்க மாஸ்டர், மேசைக்காலை அறுத்தா முடிஞ்சுதே!"

முடிந்துதான் இருக்கும். எனக்கு மனசு வரவில்லை.