ஏசாவுக்கு நான் ஒட்டிய தாடி

கூச்சப்படுகிற ஆளிடம் யாரும் ஒரு வேலையை ஒப்படைக்கக் கூடாது. "என்னால் முடியாது" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. சரி என்று தலையை ஆட்டிவிடுவார்கள். பிறகு என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆலயத்தில் பெண்கள் பக்கம் கடைசிப் பாயில், தூணுக்குப் பின்னால் உட்காருவேன். போதகர் என் பக்கம் திரும்பினாலே பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன். (ஒரு தடவை அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். பக்கத்தில் இருந்தவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.) இப்படிப்பட்ட என்னைத்தான், சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம், வி.பி.எஸ்.ஸில் சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். வி.பி.எஸ். என்றால் பள்ளிக்கூட விடுமுறையில் ஆலயத்தில் நடக்கும் வேதாகம வகுப்பு. பாட்டு, கதை, கைவேலை, மத்தியானம் கஞ்சியும் பயறும்.

கூப்பிட்டவள் ஷைனி. கல்லூரியில் படிக்கிற பெண். சுசீந்திரம் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் குழித்துறையில் மாமன் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தவள். எங்கள் ஊர் விவகாரம் எதுவும் அவளுக்குத் தெரியாது.

"மாமி, காசு செலவில்லாம பிள்ளைகளுக்கு என்னவாவது செய்யச் சொல்லிக் குடுப்பியளா?"

தலையை ஆட்டினேன்.

முதல் வாரம் நன்றாகவே போயிற்று. தென்னை ஓலையில் காற்றாடி, ஓலைப் பந்து, தென்னங்குரும்பையில் ஈர்க்கிலைக் குத்தித் தேர், பிலாவிலையைக் கிழித்து மடக்கிக் காளை. (பலாவை எங்கள் பக்கம் பிலாவு என்போம். அதில் காய்ப்பது சக்கை.) பிள்ளைகளிடம் எனக்குக் கூச்சம் கிடையாது. "கொள்ளாம் மாமி!" என்று ஷைனி தினமும் சொன்னாள். வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

முடிவு விழாவுக்கு ஒரு நாடகம். ஏசாவும் யாக்கோபும். அண்ணனை ஏமாற்றிவிட்டு ஓடிப்போன தம்பி யாக்கோபு வெகுகாலம் கழித்துத் திரும்பி வருகிறான். அண்ணன் ஏசா ஓடிவந்து கட்டிப்பிடித்து முத்தமிட்டு அழுகிறான். ஏசாவாக அபின், யாக்கோபாக ஜோயல் என்று ஷைனி தேர்ந்தெடுத்தாள். இரண்டு பேரும் ஒரே உயரம், அதனால்தான்.

அபின் என் தம்பியின் மூத்த மகன் ஜெயசிங்கின் பிள்ளை. ஜோயல், இளைய மகன் வில்சனின் பிள்ளை. அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் வருஷங்கள் ஆகியிருந்தன. இரண்டு வீட்டுக்கும் நடுவில் எல்லையில் நிற்கிற ஒரு பிலாவு யாருக்குச் சொந்தம் என்பதில் வழக்கு. வழக்கு தீரும்வரை யாரும் அதில் கைவைக்கக் கூடாது என்று பேச்சு. என் ஒற்றை அறையும் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் என் அறையில் மட்டும் சேர்ந்து விளையாடுவார்கள். அப்பன்மார் கண்டும் காணாததுபோல் இருந்தார்கள். ஒரு சின்னக் காரணம் கிடைத்தால் போதும், அதையும் நிறுத்திவிடுவார்கள். அது நின்றால் என் அறைக்கு வர வேறு யாரும் இல்லை.

இதையெல்லாம் ஷைனியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லக் கூச்சம்.

ஏசா உடம்பெல்லாம் மயிர் நிறைந்தவன் அல்லவா? தேங்காய் நாரான தும்பைப் பிரித்து, கோதி, அபினுக்குத் தாடி செய்தேன். ஷைனி கடையில் வாங்கிய பசையைத் தடவினாள். ஒத்திகையில், "என் சகோதரனே" என்று அவன் வாயைத் திறந்ததும் தாடி கீழே விழுந்தது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அபின் என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதான்.

"நாளைக்கி உனக்க தாடி விழாது மக்கா. மாமி பாத்துக்கிடுதேன்" என்றேன்.

(அப்பனின் அக்காவை எங்கள் பக்கம் மாமி என்போம். அப்பன்மார் கூப்பிடுவதைக் கேட்டுப் பிள்ளைகளுக்கும் நான் மாமிதான்.) சொன்ன வாக்கை இந்த அளவுக்குக் காப்பாற்றியவள் எங்கள் சபையில் வேறு யாரும் இருக்க முடியாது.

மறுநாள் மத்தியானம், இரண்டு வீட்டிலும் ஆள் உறங்கும் நேரம் பார்த்து, அந்த வழக்குப் பிலாவின் அடியில் தொங்கிய சக்கையின் காம்பைக் கத்தியால் கீறினேன். பால் கொட்டியது. தேங்காய்ச் சிரட்டையில் பிடித்தேன். சக்கையைப் பறிக்கவில்லை, பால்தானே எடுத்தேன், இது திருட்டில் சேராது என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஓட்டைப் பானையையே அடைக்கிற பசை அது. சக்கைக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் வாயில் அது ஒட்டாத நாள் இல்லை, வெளிச்செண்ணெய், அதுதான் தேங்காய் எண்ணெய், தடவினால் போய்விடும். பிறகென்ன பயம்? அபினின் கன்னத்திலும், தாடையிலும், இரண்டு கைகளிலும் தாராளமாகத் தடவித் தும்பை ஒட்டினேன். பார்க்க ஒரு கரடிக்குட்டி மாதிரி இருந்தான். எனக்கு அவ்வளவு பெருமை.

கட்டிப்பிடிக்கிற காட்சி ஒன்று இருக்கிறது என்பது மட்டும் என் புத்தியில் ஏறவில்லை.

சாயங்காலம் ஆலயம் நிறைந்திருந்தது. ஜெயசிங் முன்வரிசையில். வில்சன் வாசல் பக்கம். ஏசாவும் யாக்கோபும் எதிரெதிரே வந்தபோது சபை ஒரு தடவை ஜெயசிங்கையும் ஒரு தடவை வில்சனையும் திரும்பிப் பார்த்தது. எல்லாருக்கும் விவகாரம் தெரியுமே! அபின் ஓடிவந்து ஜோயலைக் கட்டிப்பிடித்தான். கன்னத்தோடு கன்னம். பெண்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிள்ளைகள் பிரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிரியவில்லை. போதகர் உருகிப்போய் "ஆமென்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

கைத்தட்டல் அடங்கியதும் மைக்கில் கேட்டது:

"விடுல."

"நான் பிடிக்கல்ல. நீ விடுல."

"நான் அப்பமே விட்டாச்சு. உனக்க தாடிதான் விடமாட்டேங்குது!"

ஷைனி ஓடிப்போய் இழுத்தாள். இரண்டு பேரும் அலறினார்கள். ஜோயலின் ஒரு பக்கத்துப் புருவமும் அபினின் காதோர முடியும் தாடிக்குள். அபினின் கைகள் ஜோயலின் சட்டை முதுகில். அப்பன்மார் இரண்டு பக்கத்திலிருந்தும் மேடைக்கு ஓடிவந்தார்கள்.

"எம் பிள்ளைக்கி இதை யாரு ஒட்டினது?" என்று ஜெயசிங் சத்தம் போட்டான்.

ஷைனி என்னைப் பார்த்தாள். சபை முழுவதும் தூணைப் பார்த்தது. நான் நினைத்த அளவுக்கு அது தடித்த தூண் அல்ல.

"மாமி, என்னத்த ஒட்டினிய?" என்றான் ஜெயசிங்.

பதில் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. போதகர் நல்ல மனுஷர். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து என் வாயருகே பிடித்தார்.

"சக்கப் பாலு."

ஆலயத்து ஒலிபெருக்கி ரோட்டு முக்குவரை கேட்கும். பேருந்துக்கு நின்றவர்களும் கேட்டார்களாம்.

"எந்தச் சக்க?" என்றான் வில்சன்.

ஜோயல் இருந்த இருப்பிலேயே சொன்னான்: "நம்ம பிலாவுலதான் மாமி கீறினாவ. கத்திய நான் வீட்டுலருந்து எடுத்துக் குடுத்தேன்."

"நம்ம பிலாவா? யாருக்க பிலாவு?" என்று ஜெயசிங் திரும்பினான்.

"பின்ன உனக்கயா?" என்றான் வில்சன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை இதுதான். வேத வசனத்தில் எழுதியிருப்பது இப்படி இல்லை. தரையில் ஒரு குழி இருந்தால் இறங்கியிருப்பேன். அடுத்த வார்த்தைக்கு அடி விழும் என்று எல்லாரும் எழுந்து நின்றபோது, அபின் தாடிக்குள்ளிருந்து கத்தினான்:

"அப்பா, சண்ட பெறவு போடுங்க! எனக்க செவி நோவுது!"

பக்கத்து வீட்டிலிருந்து வெளிச்செண்ணெய் வந்தது. அதற்குள் ஒருவர் மண்ணெண்ணெய் என்றார், ஒருவர் சானிடைசர் என்றார், ஒரு கிழவர் எதற்கும் ஜெபித்துப் பார்க்கலாம் என்றார். ஒருவன் மட்டும் இழுத்தால் மற்றவன் பிள்ளைக்கு நோகும். அதனால் ஜெயசிங் அபினின் தலையையும் வில்சன் ஜோயலின் தலையையும் பிடித்துக்கொண்டு, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"பைய இழுல."

"பையத்தான் இழுக்கேன். நீ அந்தப் பக்கம் அனங்காம பிடி."

"இங்கோட்டு எண்ண விடு. அங்கயில்ல, இங்கோட்டு!"

கடைசியில் கத்திரிக்கோலும் வேண்டியிருந்தது. ஜோயலுக்கு அரைப் புருவம் போயிற்று. அபினின் காதுக்கு மேல் ஒரு கை அகலம் வெட்டவெளி. நான் அழுதுகொண்டு நின்றேன். கிட்டப் போகத் தைரியம் இல்லை.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நன்றியுரை பாக்கி இருந்தது. பாவம் ஷைனி, முந்தின நாளே எழுதி வைத்திருந்ததை அப்படியே படித்தாள்: "எங்கள் பிள்ளைகளோடு ஒட்டி உறவாடிய மாமிக்கு நன்றி."

சபை சிரித்த சிரிப்பில் போதகருக்கு ஆசீர்வாதம் சொல்ல முடியவில்லை. நான் செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு நடந்தேன்.

அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிள்ளைகள் இனி வரமாட்டார்கள் என்பது உறுதி. ஓலை, ஈர்க்கில், குரும்பை எல்லாவற்றையும் வாரி முற்றத்து மூலையில் கொட்டிவிட்டேன்.

மறுநாள் காலை கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஜெயசிங். அவனுக்குப் பின்னால் வில்சன். ஒரே வாசலில் இரண்டு பேரையும் நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. திட்டத்தான் சேர்ந்து வந்திருந்தார்கள். மூத்தவன் தொடங்கினான், மூச்சு வாங்கிய இடத்தில் இளையவன் பிடித்துக்கொண்டான். தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். நடுவில் ஜெயசிங், மைக்கில் நான் சொன்னதுபோலவே கீச்சுக் குரலில் "சக்கப் பாலு" என்று சொல்லிக் காட்டினான். வில்சன் சிரித்துவிட்டான். பிறகு பகை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான்.

"இனி ஒட்டுத காரியம் ஒண்ணும் வேண்டாம், கேட்டியளா?" என்றான் ஜெயசிங். "மடக்குங்க, கிழியுங்க, என்னவும் செய்யுங்க. ஒட்டப்படாது."

"அப்பம் பிள்ளைக..." என்று இழுத்தேன்.

"பிள்ளைக எங்க போவும்? இங்கதான் வரும்."

பிலாவு வழக்கு இன்னும் தீரவில்லை. ஒருவன் வீட்டில் மற்றவன் சாப்பிடுவதும் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் கூடினால் தாடிக் கதையைக் கேட்பார்கள், அதை ஒருவனால் முழுதாகச் சொல்ல முடியாது. ஜோயல் பக்கத்தில் நடந்தது ஜெயசிங்குக்குத் தெரியாது, அபின் பக்கத்தில் நடந்தது வில்சனுக்குத் தெரியாது.

போன மாதம் களியக்காவிளையில் சொந்தத்தில் ஒரு கல்யாண நிச்சயம். சம்பந்திமார் இரண்டு பேரும் கட்டிப்பிடித்தார்கள். "பாத்து, பாத்து! மாமி பக்கத்துல நிக்காவ!" என்று ஒரு மூலையிலிருந்து வில்சன் சத்தம் போட்டான். "வெளிச்செண்ண உண்டா அங்க?" என்று இன்னொரு மூலையிலிருந்து ஜெயசிங். என்ன விஷயம் என்று புதுச் சம்பந்திமார் கேட்டார்கள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாயசத்தில் குனிந்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது, நாக்கு வெந்துவிட்டது. தண்ணீர் கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "முதல்ல நீ சொல்லு" என்று தொடங்கியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு மீதிப் பாயசத்தையும் குடித்தேன்.